கம்ப்ரஸர் போட்டால் பியூஸ் போகிறது. காயில் கட்டியும் தீரவில்லை

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · ஞாயிறு, இரவு 9.50

பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால், சர்வீஸ் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பைக், ஆட்டோ, கார், டிராக்டர், எப்போதாவது குட்டி யானை. கம்ப்ரஸர் 2 எச்.பி., சிங்கிள் பேஸ், ஒற்றை ஹெட், பெல்ட்டில் ஓடுவது. டேங்க் 160 லிட்டர். 120 பவுண்டில் நிற்கும், 90க்கு இறங்கினால் தானே ஓடத் தொடங்கும். ஆறு வருடமாக அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பதினைந்து நாளாகப் பியூஸ் போகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை, சில நாள் ஏழு முறை. கட்டையைப் பிடுங்குவதும் கம்பி சுற்றுவதுமே பிழைப்பாகிவிட்டது. நேற்று ஒரு காருக்கு இரண்டு சக்கரம் அடித்து முடித்ததும் போய்விட்டது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். மீதி இரண்டு சக்கரத்துக்கும் கால் பம்பை மிதித்தேன்.

மெக்கானிக் ஒருவர் வந்து மோட்டார் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, காயில் போய்விட்டது என்றார். கட்டினோம். 3,800 ரூபாய். மாட்டிய அன்று மாலையே பியூஸ் போனது. அவரைக் கேட்டால் கரண்டு சரியில்லை என்கிறார். 10 ஆம்பியர் கம்பிதான் போடுகிறேன். என்ன செய்வது?

குடியாத்தம்_தறி · ஞாயிறு, இரவு 10.05

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கம்பியை மூன்று புரியாக முறுக்கிப் போடுங்கள். எங்கள் கூடத்தில் அப்படித்தான் இருக்கிறது. மூன்று வருடமாக ஒரு முறை கூடப் போனதில்லை.

பாலாறு_பார்த்தவன் · ஞாயிறு, இரவு 10.12

தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று நம் வேலூரைச் சொல்வார்கள். காற்றில்லாத பஞ்சர் கடையையும் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒயர்மேன்_ஓய்வு · ஞாயிறு, இரவு 10.20

சாமி 1981இலேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார் தம்பி. பழைய வசனத்தை மாற்றுங்கள்.

காயில்கட்டி · ஞாயிறு, இரவு 10.41

சத்துவாச்சாரியில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தறிக்காரரே, உங்களைப் போல யோசனை சொல்பவர்களால்தான் எனக்குச் சோறு கிடைக்கிறது. அதனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கேளுங்கள். மோட்டார் சுற்ற முடியாமல் திணறும்போது ஓடுகிற நேரத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். அப்போது எது மெலிந்ததோ அது உருகும். பியூஸ் மெலிந்திருந்தால் பியூஸ். பியூஸைத் தடியாக்கிவிட்டால் அடுத்து மெலிந்தது சுவரில் ஓடும் ஒயர், அல்லது மோட்டாருக்குள் இருக்கும் காயில். இரண்டு ரூபாய்க் கம்பி செய்ய வேண்டிய வேலையை 3,800 ரூபாய்க் காயில் செய்யும். உங்கள் கூடத்தில் நூலும் பஞ்சும் கிடக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பஞ்சர்கடைத் தம்பி, நீங்கள் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. பியூஸ் எப்போது போகிறது? "போகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள், எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுவிட்சைப் போட்ட நொடியிலேயே படாரென்று போனால் ஷார்ட். ஒயரிலோ காயிலிலோ பாடியைத் தொடுகிறது. மூன்று நான்கு நொடி 'ம்ம்ம்' என்று முனகி, சுற்றாமல் நின்று, பிறகு போனால் மோட்டார் கிளம்பவில்லை என்று பொருள். நன்றாகக் கிளம்பிப் பத்து நிமிடம் ஓடி, 110 பவுண்டு தாண்டும்போது போனால் பேரிங், ஆயில், பெல்ட் இழுப்பு, வால்வு பிளேட் என்று வேறு பக்கம் தேட வேண்டும். நாளைக்கு ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் மணி என்ன, முள் எத்தனையில் நின்றது, முனகியதா முனகவில்லையா என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவையுங்கள்.

இன்னொன்று. காதை வைத்துக் கேட்டுக் காயில் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். எரிந்த காயிலுக்கு ஒரு வாசனை உண்டு, அதை மூக்கு சொல்லும், காது சொல்லாது.

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · திங்கள், இரவு 9.15

அண்ணா, எழுதிவைத்தேன். காலை 8 மணி, டேங்க் காலி, முனகவே இல்லை, சட்டென்று கிளம்பி 120 வரை ஏறி நின்றது. 10.20, முள் 90, கொஞ்சம் முக்கிக்கொண்டு கிளம்பியது. 12.40, முள் 90, கிளம்பியது. 3.10, முள் 90, முனகியது, பியூஸ் போயிற்று. அதன்பின் டேங்கைத் திறந்து காற்றை எல்லாம் விட்டுவிட்டு மறுபடி போட்டேன், கிளம்பிவிட்டது! மாலை 6.50, முள் 90, போயிற்று. 7.30, போயிற்று. 7.45, திரும்பவும்.

இதைப் பார்த்தால் எனக்கே ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

காயில்கட்டி · திங்கள், இரவு 9.32

பாதி வேலை முடிந்தது. டேங்க் காலியாக இருந்தால் எப்போதும் கிளம்புகிறது, காற்று இருக்கும்போது திணறுகிறது. மோட்டாருக்குள் ஷார்ட் இருந்தால் அதற்கு டேங்கில் காற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஆகவே உங்கள் பழைய காயில் நல்ல காயிலாகத்தான் இருந்திருக்கும். அதைச் சொல்லி உங்கள் வயிற்றெரிச்சலைக் கூட்ட விரும்பவில்லை, ஆனால் உண்மை அதுதான்.

ஆம்பூர்_மெயின்டெனன்ஸ் · திங்கள், இரவு 9.58

ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் எல்லாம் த்ரீ பேஸ், அதனால் இந்தத் தலைவலி கிடையாது. ஆனால் சிங்கிள் பேஸ் மோட்டாரில் கிளம்பாமல் முனகினால் நான் முதலில் பார்ப்பது கண்டென்சர். சிங்கிள் பேஸ் மோட்டார் தானாகக் கிளம்பாது. ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கண்டென்சர் வழியாகப் போகும் கரண்டுதான் அதைத் தள்ளிவிடுகிறது. கண்டென்சர் வலு குறைந்தால் காலி டேங்கில் கிளம்பும், காற்று இருந்தால் கிளம்பாது. சொல்கிற அடையாளம் அப்படியே பொருந்துகிறது.

மோட்டார் முதுகில் டப்பா போல இருக்கும். அதற்குள் கருப்பாக ஒன்று, சில மோட்டாரில் இரண்டு. மேல்பக்கம் வீங்கியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். மெயினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகும் கண்டென்சரில் கரண்டு தங்கியிருக்கும், இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொட்டு இறக்கிவிடுங்கள். ஸ்குரூ டிரைவரால் 'பட்' என்று தொட்டு இறக்குகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், ஒரு முறை என் நண்பருக்குக் கண்ணோரம் தெறித்தது.

ஒயர்மேன்_ஓய்வு · திங்கள், இரவு 10.10

கண்டென்சரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தம்பியின் பட்டியலில் மணியைக் கவனித்தீர்களா? காலையில் முக்கியாவது கிளம்புகிறது. மாலை ஆறரைக்கு மேல் ஒரு முறை கூடக் கிளம்பவில்லை. கண்டென்சருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. வோல்டேஜ் எவ்வளவு வருகிறது? மீட்டர் பெட்டியிலிருந்து கம்ப்ரஸர் எத்தனை தூரம்? ஒயர் என்ன கனம்?

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · செவ்வாய், மதியம் 2.20

பக்கத்து எலக்ட்ரிக் கடைத் தம்பி, ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரும் மீட்டரும் கொண்டுவந்தார். கண்டென்சர் மேல் 150 என்று போட்டிருக்கிறது, மீட்டரில் 104 காட்டியது. ஆம்பூர் பாய் சொன்னது சரி. புதியது மாற்றியாயிற்று. மதியம் இரண்டு முறை 90இல் நன்றாகக் கிளம்பியது. மிகவும் நன்றி பாய். ஓடும்போது கரண்டு காலி டேங்கில் 7 ஆம்பியர், 115 பவுண்டில் பத்தரை.

ஒயர்மேன் ஐயா, தூரம் 35 மீட்டர் இருக்கும். முன்பு கம்ப்ரஸர் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பங்குனியில் சாலையோரக் கால்வாய் வேலைக்காகக் கொட்டகையைப் பின்னால் தள்ளினோம். ஒயர் ஒன்றரை ஸ்கொயர் மில்லிமீட்டர். லைட்டுக்காக வாங்கி வைத்திருந்தது மிச்சம் இருந்தது.

ஆம்பூர்_மெயின்டெனன்ஸ் · செவ்வாய், மதியம் 2.41

அல்ஹம்துலில்லாஹ். முடிந்தது கதை.

காயில்கட்டி · செவ்வாய், மதியம் 3.05

மாலை ஏழரை வரைக்கும் பொறுங்கள் பாய்.

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · வியாழன், இரவு 8.20

செவ்வாயும் புதனும் போகவில்லை. இன்று மாலை இரண்டு முறை போயிற்று. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒயர்மேன்_ஓய்வு · வியாழன், இரவு 9.00

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டம் சுருங்கச் சுருங்க ஜனங்கள் போடும் ஒயரும் மெலிந்துகொண்டே வருகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒன்றரை ஸ்கொயர் செம்பு ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்கு 12.1 ஓம் தடை. உங்கள் 35 மீட்டர், போக வர 70 மீட்டர். அதற்கு 0.85 ஓம். ஓடும்போது 10 ஆம்பியருக்கு எட்டரை வோல்ட்தான் நஷ்டம், யாருக்கும் தெரியாது. ஆனால் கிளம்பும் நொடியில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். அப்போது 42 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். கத்திரி வெயிலில் மாலையில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடுகிற நேரம், உங்கள் மீட்டர் பெட்டியிலேயே 205 இருக்கிறது என்று வையுங்கள். மோட்டாருக்குச் சேர்வது 163. வோல்டேஜ் குறைகிற அளவுக்கு மட்டும் மோட்டார் சுற்றும் பலம் குறைந்தால் பரவாயில்லை. அது வோல்டேஜின் வர்க்கத்துக்குக் குறையும். 230க்கு 163 என்றால் மோட்டாரின் பலம் பாதி. அரை மோட்டாரை வைத்துக்கொண்டு முழு வேலை வாங்கப் பார்க்கிறீர்கள்.

நான்கு ஸ்கொயர் ஒயர் போட்டால் அந்த 42 வோல்ட் நஷ்டம் 16 ஆகும். விலை அதிகம்தான், ஆனால் ஒரு முறைச் செலவு.

பியூஸ் கம்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10 ஆம்பியர் கம்பி 10 ஆம்பியரில் உருகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டைப் பியூஸில் ஏறத்தாழ இரு மடங்கு தாண்டினால்தான் உருகும், அதுவும் உடனே அல்ல. ஆகவே கிளம்பும் அரை நொடி 50 ஆம்பியரை அது பொறுத்துக்கொள்ளும். நான்கு நொடி முனகினால் பொறுக்காது. உங்கள் பியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பத்தரை ஆம்பியர் ஓடுகிற மோட்டாருக்குப் பதினைந்து ஆம்பியர் கம்பி, அதாவது அரை மில்லிமீட்டர் கனம், நியாயமானது. ஆனால் ஒயரை மாற்றிய பிறகுதான். இந்த ஒன்றரை ஒயர் இருக்கும்வரை பத்துக்கு மேல் போடாதீர்கள்.

குடியாத்தம்_தறி · வியாழன், இரவு 9.14

கட்டையே வேண்டாம், கரண்டு மிஞ்சினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சைப் போட்டுவிட்டால் கம்பி சுற்றும் வேலை மிச்சம் அல்லவா?

ஆம்பூர்_மெயின்டெனன்ஸ் · வியாழன், இரவு 9.20

போடலாம், நல்லதுதான். ஆனால் வீட்டுக்குப் போடும் பி வகை போட்டால் ஐந்து மடங்குக்குள் விழுந்துவிடும், மோட்டார் கிளம்பும்போதே விழும். சி வகை ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை தாங்கும். எதைப் போட்டாலும் திணறுகிற மோட்டாருக்கு விழத்தான் விழும். கம்பி சுற்றுவதற்குப் பதில் குமிழைத் தூக்கிவிடுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐடிஐ_டீச்சர் · வியாழன், இரவு 10.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கண்டென்சர், ஒயர் இரண்டும் சரியே. ஆனால் எல்லோரும் மோட்டார் பலம் ஏன் குறைந்தது என்றே பார்க்கிறீர்கள். மோட்டாருக்குப் பாரம் ஏன் கூடியது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல கம்ப்ரஸர் டேங்கில் 90 பவுண்டு இருந்தாலும் காலி டேங்கில் கிளம்புவது போலத்தான் கிளம்ப வேண்டும். அதற்காகவே ஒரு ஏற்பாடு உள்ளே இருக்கிறது.

பள்ளிகொண்டா அண்ணா, ஒரு கேள்வி. 120 வந்து மோட்டார் நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் பக்கத்தில் 'புஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு அடங்கிவிடும். உங்களுக்கு வருகிறதா?

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · வெள்ளி, காலை 7.40

வரவில்லை டீச்சர். இப்போது நீங்கள் கேட்ட பிறகுதான் முன்பு வந்துகொண்டிருந்தது என்பதே நினைவுக்கு வருகிறது. கடைக்கு வரும் பூனை அந்தச் சத்தத்துக்கு ஓடும். இப்போதெல்லாம் கம்ப்ரஸருக்கு அடியிலேயே படுத்துக்கொள்கிறது.

ஐடிஐ_டீச்சர் · வெள்ளி, காலை 8.05

பூனை சொன்னதை மெக்கானிக் சொல்லவில்லை.

விளக்குகிறேன். ஹெட்டிலிருந்து டேங்குக்கு ஒரு செம்புக் குழாய் போகிறது. அது டேங்கில் நுழைகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது, என்.ஆர்.வி. என்பார்கள். காற்று உள்ளே போகலாம், திரும்பி வரக்கூடாது. அந்த வால்விலிருந்து பென்சிலை விட மெலிந்த ஒரு குழாய் பிரஷர் சுவிட்சுக்கு வரும். மோட்டார் நின்றவுடன் சுவிட்சில் இருக்கும் சிறு ஊசி வால்வு திறந்து, செம்புக் குழாயிலும் ஹெட்டிலும் அடைபட்டுக் கிடக்கும் காற்றை வெளியே விடும். அதுதான் அந்த 'புஸ்'. டேங்கின் காற்றை என்.ஆர்.வி. தடுத்து நிறுத்திக்கொள்ளும். அடுத்த முறை மோட்டார் கிளம்பும்போது பிஸ்டனுக்கு மேல் பாரம் இருக்காது, முதலில் இரண்டு சுற்று வீறாக ஓடி வேகம் பிடித்த பிறகுதான் எதிர்ப்பு வரும்.

அந்தக் காற்று வெளியேறாவிட்டால்? 65 மில்லிமீட்டர் பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால், 90 பவுண்டுக்கு அதன் தலைமேல் ஏறத்தாழ 210 கிலோ. நின்ற இடத்திலிருந்து முதல் அடியிலேயே மோட்டார் அதைத் தூக்க வேண்டும். நல்ல வோல்டேஜ், புதுக் கண்டென்சர், குட்டை ஒயர் எல்லாம் இருந்தால் முக்கித் தூக்கிவிடும். ஒன்று குறைந்தாலும் உட்கார்ந்துவிடும். நீங்கள் ஒவ்வொன்றாக மாற்றும்போது இரண்டு நாள் சரியாகி மறுபடி போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிறு குழாயைப் பாருங்கள். கைவைப்பதற்கு முன் மெயினைப் பிடுங்கி, டேங்கின் அடிக்குழாயைத் திறந்து முள் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். அரைப் பவுண்டு இருக்கிறது, பரவாயில்லை என்று நினைக்கக்கூடாது.

காயில்கட்டி · வெள்ளி, காலை 8.30

இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். காலி டேங்கில் கிளம்புகிறது என்று அவர் எழுதியபோதே கேட்டிருக்க வேண்டும். மோட்டார்க்காரன் கண்ணுக்கு மோட்டார்தான் தெரிகிறது.

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · வெள்ளி, இரவு 8.55

எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

குழாயைக் கழற்றினேன். சுவிட்சுப் பக்கத்து முனையில் ஒரு தீக்குச்சித் துண்டு செருகி, அதன்மேல் எம்சீல் வைத்து அடைத்திருக்கிறது. யார் செய்தது என்று யோசித்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தை மாதத்தில் மோட்டார் நின்ற பிறகும் சுவிட்ச் பக்கத்தில் 'உஸ்ஸ்' என்று காற்று போய்க்கொண்டே இருந்தது. காலையில் வந்து பார்த்தால் டேங்க் காலியாக இருக்கும். ஒருவரைக் கூப்பிட்டேன், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு 300 வாங்கிக்கொண்டு போனார். கசிவு நின்றுவிட்டதே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அவர் அடைத்தது இதைத்தான்.

குச்சியை எடுத்துவிட்டு ஓட்டினேன். 120இல் நின்றது, 'புஸ்' வந்தது, பூனை ஓடியது. ஆனால் அடங்கவே இல்லை, 'உஸ்ஸ்' தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. தை மாதத்துக் கசிவு அப்படியே திரும்பிவிட்டது.

காயில்கட்டி · வெள்ளி, இரவு 9.08

வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று கூப்பிட்டால், தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துவிட்டுப் போன கதை. கூலி 300 வேறு.

ஐடிஐ_டீச்சர் · வெள்ளி, இரவு 9.20

அப்படியானால் என்.ஆர்.வி. பிடிக்கவில்லை. டேங்கின் காற்று அதன் வழியாகத் திரும்பி வந்து சிறு குழாயில் வெளியேறுகிறது. சுவிட்ச் மேல் பழி போடாதீர்கள். சத்தம் வருகிற இடம் வேறு, கோளாறு இருக்கிற இடம் வேறு. டேங்கை மறுபடி முழுக்கக் காலி செய்து, என்.ஆர்.வி.யின் பித்தளை மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் அல்லது பைபர் வில்லையும் இருக்கும். ஹெட்டிலிருந்து வரும் கரித்தூள் அந்த வில்லையில் படிந்து உட்கார விடாமல் செய்யும். துடைத்துப் பாருங்கள், வில்லை குழிந்திருந்தால் வால்வையே மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை.

கூடவே ஒன்று. கசிகிறது என்பதற்காக டேங்க் மேல் வளையம் போட்ட சேப்டி வால்வையும் யாராவது அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தீக்குச்சி வைக்கும் கை எதிலும் வைக்கும். அந்த வளையத்தை இழுத்தால் காற்று சீற வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · ஞாயிறு, மாலை 5.30

சேப்டி வால்வு நன்றாக இருக்கிறது, இழுத்துப் பார்த்தேன். என்.ஆர்.வி. வில்லை தோசைக்கல்லில் ஒட்டிய கருகல் மாதிரி இருந்தது. துடைத்தும் விளிம்பு குழிந்திருந்ததால் வேலூர் போய்ப் புது வால்வு வாங்கி வந்தேன். டேங்கைத் திறந்துவிட்டபோது அடியில் துருத்தண்ணீர் ஒரு சொம்பு வந்தது. அதையும் தினம் விட வேண்டும் என்று தெரியும், விட்டதில்லை.

நேற்றிலிருந்து மோட்டார் கிளம்புகிற விதமே வேறு. முக்கல் முனகல் எதுவும் இல்லை. 90இல் கூட, காலி டேங்கில் கிளம்புவது மாதிரி 'விர்' என்று போகிறது. எலக்ட்ரிக் தம்பி மறுபடி டாங் டெஸ்டர் மாட்டிப் பார்த்தார், கிளம்பும்போது முள் ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டது. நேற்று மாலை ஏழரைக்கு வோல்டேஜ் 203. அப்போதும் கிளம்பியது.

ஒயர்மேன்_ஓய்வு · ஞாயிறு, மாலை 6.10

நல்ல செய்தி. ஒயரை?

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · ஞாயிறு, மாலை 6.15

இப்போதுதான் ஓடுகிறதே ஐயா, ஆடி வரட்டும் என்று பார்க்கிறேன்.

ஒயர்மேன்_ஓய்வு · ஞாயிறு, மாலை 6.22

மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு அந்த ஒயரைக் கையால் தொட்டுப் பாருங்கள், மேல்தோலை மட்டும். ஜாயின்ட் போட்ட இடத்தில் கை வைக்க வேண்டாம். சொல்லுங்கள்.

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · ஞாயிறு, இரவு 7.50

வெதுவெதுப்பாக இருக்கிறது. ஜாயின்ட் போட்ட இடத்தில் டேப் உருகிக் கருத்திருக்கிறது. அது பார்த்தாலே தெரிகிறது. நாளைக்கு நான்கு ஸ்கொயர் வாங்கிவிடுகிறேன். நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளம்.

ஆம்பூர்_மெயின்டெனன்ஸ் · ஞாயிறு, இரவு 8.04

வாங்கும்போது எர்த்துக்கும் சேர்த்து வாங்குங்கள். கொட்டகையைத் தள்ளியபோது எர்த் ஒயரை மறந்திருப்பீர்கள். ஈரக் கையோடு டியூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற தொழில்.

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · ஞாயிறு, இரவு 8.11

பாய், எப்படித் தெரிந்தது? மறந்துதான் விட்டேன்.

பாலாறு_பார்த்தவன் · ஞாயிறு, இரவு 8.30

பூனை எப்படி இருக்கிறது?

பள்ளிகொண்டா_பஞ்சர்கடை · ஞாயிறு, இரவு 8.33

டீக்கடைப் பக்கம் போய்விட்டது.

குடியாத்தம்_தறி · திங்கள், காலை 6.45

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு எங்கள் கூடத்தில் இருக்கும் கம்ப்ரஸர் பக்கத்தில் போய் நின்றேன். தறியை ஊதிச் சுத்தம் செய்ய வைத்திருப்பது, 1 எச்.பி. நிற்கும்போது 'புஸ்' வரவில்லை. மூன்று புரிக் கம்பி போட்டிருப்பதால் பியூஸும் போவதில்லை. ஆனால் மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கிளம்பும்போது விளக்கெல்லாம் மங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?

காயில்கட்டி · திங்கள், காலை 7.02

முதலில் மெயினை நிறுத்துங்கள். அந்த மூன்று புரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, 1 எச்.பி.க்கு 10 ஆம்பியர் கம்பி ஒற்றைப் புரி, 0.35 மில்லிமீட்டர், போடுங்கள். பிறகு டேங்கைக் காலி செய்து, சிறு குழாயில் தீக்குச்சி இருக்கிறதா பாருங்கள். அந்த 300 ரூபாய்க்காரர் குடியாத்தம் பக்கமும் வந்திருக்கலாம்.